காருக்கும் கராஜுக்கும் ஒரே வேக்குவம் கிளீனர்: கையைக் கடிக்காமல் வாங்குவது எப்படி?

வீட்டுக்குள் சோபாவுக்கும் தரைவிரிப்புக்கும் வைத்திருக்கிற வேக்குவம் கிளீனரைக் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் ஒரு நாள் ஈர மண்ணையோ திருகாணியையோ இழுத்துவிட்டு நின்றுபோகும். அதன் பிறகுதான் இதற்கென்று தனியாக ஒன்று வாங்கலாமா என்ற யோசனை வரும். தேடத் தொடங்கினால் ஏகப்பட்ட மாடல்கள், ஏகப்பட்ட எண்கள். எல்லாப் பெட்டியிலும் 'அதிக பவர்' என்றே எழுதியிருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காருக்கும் கராஜுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று, அதுவும் குறைந்த செலவில் வேண்டும் என்றால், 10 முதல் 20 லிட்டர் டிரம் உள்ள, ஒயரில் ஓடும் 'வெட் அண்ட் டிரை' மாடல்தான் பெரும்பாலானவர்களுக்குச் சரி. ஈரத்தையும் இழுக்கும், காய்ந்ததையும் இழுக்கும். மோட்டார் நடுத்தரமாக இருந்தால் போதும். மிச்சப் பணத்தை ஹோஸிலும் ஃபில்டரிலும் போடுங்கள்.

முதலில் குப்பையைப் பாருங்கள்

மாடல்களைப் பார்ப்பதற்கு முன் உங்கள் காரைப் பாருங்கள். டிரைவர் சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, டார்ச் அடித்து, சீட் நகரும் ரெயிலைக் கவனியுங்கள். அந்தப் பள்ளத்தில் கிரீஸோடு ஒட்டிக்கொண்ட மண், பிஸ்கட் தூள், சுருண்ட முடி, எப்போதோ விழுந்த ஒரு நாணயம் எல்லாம் கிடக்கும். பள்ளத்தின் அகலம் ஒரு விரல்தான் இருக்கும். அதற்குள் போகாத நாசிலை வைத்துக்கொண்டு எவ்வளவு பவர் இருந்தும் பிரயோசனம் இல்லை. காரைப் பொறுத்தவரை சிக்கல் குப்பையின் அளவில் இல்லை, அது ஒளிந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

கராஜ் அப்படியில்லை. அங்கே இடம் தாராளம், குப்பைதான் முரடு. மரவேலை செய்பவருக்கு மரத்தூளும் சீவலும். சுவரில் துளை போடுகிறவருக்கு மாவு போன்ற சிமென்ட் தூசு. ஷட்டர் வழியாக மழைத்தண்ணீர் உள்ளே வரும் கராஜில் சேறு. எதுவுமே செய்யாமல் காரை மட்டும் நிறுத்துகிறவருக்கு டயரோடு வந்த மண்ணும் காய்ந்த இலையும்.

ஆக, வாங்கும் முன் மூன்று கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரை இழுக்க வேண்டியிருக்குமா? நுண்ணிய தூசு வருமா? கார் நிற்கிற இடத்துக்குப் பிளக் பாயின்ட் எட்டுமா? மூன்றாவது கேள்வியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எந்த வகை?

காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் குட்டி மெஷின்கள்தான் இருப்பதிலேயே மலிவு. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் அவற்றின் எல்லை தெரிந்துவிடும். அந்த சாக்கெட்டுக்குப் பெரும்பாலான கார்களில் 10 முதல் 20 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். 12 வோல்ட்டை 10 ஆம்பியரால் பெருக்கினால் 120 வாட். சுவர் பிளக்கில் ஓடும் சாதாரண மெஷின் 1000 வாட்டுக்கு மேல் எடுக்கிறது. சீட்டில் சிந்திய தூளை அள்ள 12 வோல்ட் மெஷின் போதும். தரைக் கம்பளத்தில் இறுகிய மணலை அது அசைக்கக்கூட முடியாது. இன்ஜினை அணைத்துவிட்டு நெடுநேரம் ஓட்டினால் பேட்டரியும் இறங்கும். பேட்டரி இறங்காமலிருக்க இன்ஜினை ஓடவிடலாமே என்றால், மூடிய கராஜுக்குள் அது கூடவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

அடுத்தது கையடக்க பேட்டரி மெஷின்கள். பிளக் பாயின்ட் இல்லாத இடத்தில் கார் நிற்கிறது என்றால் இவைதான் வழி. உங்களிடம் ஏற்கெனவே 18 வோல்ட் டிரில்லிங் மெஷினோ ஸ்க்ரூ டிரைவரோ இருந்தால், அதே கம்பெனியின் பேட்டரியைப் போட்டுக்கொள்ளும் வேக்குவத்தை வெறும் மெஷினாக வாங்கலாம், செலவு நன்றாகக் குறையும். பேட்டரியில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். 18 வோல்ட் பேட்டரிக்குள் இருக்கும் அதே ஐந்து செல்தான் அதிலும். முழு சார்ஜில் 20, சராசரியாக 18. எவ்வளவு நேரம் ஓடும் என்பதையும் நீங்களே கணக்கிடலாம். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 90 வாட்-மணி. மெஷின் 270 வாட் எடுத்தால் 20 நிமிடம். ஒரு காரை நிதானமாகச் சுத்தம் செய்ய அது இழுபறிதான்.

வீட்டு மெஷினைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். அவற்றில் பலவற்றில் உள்ளே உறிஞ்சப்படும் காற்றே மோட்டாரைத் தாண்டிப் போய் அதைக் குளிர்விக்கிறது. தண்ணீர் வந்தால் அதுவும் அதே வழியில்தான் போகும். மெஷின் கெடும், ஷாக்கும் அடிக்கலாம்.

வெட் அண்ட் டிரை வகையில் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றுக்குத் தனிப் பாதை. டிரம்முக்குள் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் மட்டம் ஏறியதும் அது எழும்பிக் காற்று வழியை அடைத்துவிடும். சத்தம் திடீரென்று கீச்சென்று உயர்ந்து, இழுப்பு நின்றுவிடும். அணைத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரே எச்சரிக்கை: ஷாம்பு நுரைக்கு இந்த மிதவை ஏமாந்துபோகும். சீட்டை ஷாம்பு போட்டுக் கழுவி உறிஞ்சுவதாக இருந்தால், டிரம் பாதி நிறைவதற்குள் திறந்து பார்த்துவிடுங்கள்.

பெட்டியில் உள்ள எண்களைப் படிப்பது

வாட் என்பது மெஷின் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதைச் சொல்லும். எவ்வளவு இழுக்கிறது என்பதைச் சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு வேக்குவம் கிளீனர்களுக்கு 2014 செப்டம்பரில் 1600 வாட் என்றும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்றும் உச்சவரம்பு வைத்தது. அதனால் அங்கே வீடு பெருக்குவது நின்றுபோகவில்லை. விசிறியையும் நாசிலையும் திருத்தி, குறைந்த வாட்டில் அதே வேலையை வாங்கினார்கள். (வெட் அண்ட் டிரை மெஷின்களுக்கு அந்த வரம்பு இல்லை என்பது வேறு விஷயம்.)

குதிரைத்திறன் கதை இன்னும் வேடிக்கை. சில மெஷின்களில் '5 பீக் எச்.பி.' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஐந்து என்றால் 3730 வாட். 230 வோல்ட்டில் அது 16 ஆம்பியருக்கு மேல். சாதாரண பிளக்கில் அந்த மெஷின் ஓடவே முடியாது. 'பீக்' என்கிற சொல்லுக்குள்தான் தந்திரம் இருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் ஒரு கணம் எட்டும் உச்சத்தைச் சொல்கிறார்கள். மெஷினைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள். உண்மை அங்கே சின்ன எழுத்தில் இருக்கும்.

பார்க்க வேண்டியது இரண்டு: இழுப்பு அழுத்தம், காற்றோட்டம். முதலாவது கிலோபாஸ்கலில் இருக்கும். ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிடுங்கும் பலம் அது. இரண்டாவது வினாடிக்கு இத்தனை லிட்டர் என்றோ நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்றோ இருக்கும். பிடுங்கியதைச் சுமந்துகொண்டு போவது அது. ஸ்ட்ராவில் கெட்டியான பானம் குடிக்கும்போது கன்னம் ஒட்டிப்போக இழுக்கிறோமே, அது அழுத்தம். வாய்க்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது ஓட்டம். இரண்டும் வேண்டும்.

இதில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒன்று உண்டு. அழுத்தத்தை அளக்கும்போது மெஷினின் வாயை முழுக்க அடைத்துவிடுவார்கள், அப்போது ஓட்டம் பூஜ்ஜியம். ஓட்டத்தை அளக்கும்போது வாயை முழுக்கத் திறந்துவிடுவார்கள், அப்போது அழுத்தம் ஏறக்குறைய பூஜ்ஜியம். நீங்கள் வேலை செய்யப்போவது இரண்டுக்கும் நடுவில். அதனால் ஒரே ஒரு எண்ணைப் பெரிதாகப் போட்டு மற்றதை மறைக்கும் மாடலைச் சந்தேகப்படுங்கள். ஒயரில் ஓடும் சிறிய வெட் அண்ட் டிரையில் 15 கிலோபாஸ்கலுக்கு மேல் இருந்தால் காருக்குப் போதும். 'ஏர் வாட்' கொடுத்திருந்தால் நல்லது. அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கி வருவது அது, ஒப்பிட வசதி.

ஹோஸ்தான் பாதி மெஷின்

கராஜுக்கென்று விற்கும் பெரிய டிரம் மெஷின்களில் 65 மி.மீ. ஹோஸ் வரும். மரச்சீவலும் இலையும் அடைக்காமல் போகும், அருமை. அதைக் காருக்குள் நுழைத்துப் பாருங்கள்: யானைத் தும்பிக்கை மாதிரி விறைப்பாக நின்று, நீங்கள் சீட்டைச் சுத்தம் செய்கிறீர்களா ஹோஸோடு மல்லுக்கட்டுகிறீர்களா என்றே தெரியாது. காருக்கு ஏற்றது 32 முதல் 38 மி.மீ. வரை. அதுவும் கையில் வளைத்துப் பார்த்தால் நசுங்காமல் வளைய வேண்டும்.

அகலத்தில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. 65 மி.மீ. ஹோஸின் வாய், 32 மி.மீ. ஹோஸின் வாயைப் போல நான்கு மடங்கு பரப்பு. சிறிய மோட்டார் தரும் காற்று அந்த அகலத்தில் பரவி வேகம் இழந்துவிடும். மணலுக்கும் திருகாணிக்கும் வேகம்தான் முக்கியம். வேகம் இல்லையென்றால் அவை ஹோஸின் தாழ்வான வளைவிலேயே தங்கிவிடும். மறுபக்கம், ஹோஸ் ரொம்பக் குறுகினாலும் நீண்டாலும் உராய்வில் ஓட்டம் குறையும். காருக்கு 2 முதல் 2.5 மீட்டர் நீளம் வசதி. 1.2 மீட்டர் ஹோஸ் கொடுத்திருந்தால், மெஷினைக் கதவுக்குக் கதவு இழுத்துக்கொண்டே அலைய வேண்டும்.

இணையும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். வெறுமனே செருகி நிற்கும் ஹோஸ், இழுக்கும்போது கழன்று வரும். திருகிப் பூட்டுவது நல்லது. அப்புறம் வாயின் அளவு வழக்கமான அளவாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 32, 35 மி.மீ. நாசில்கள் தனியாக எங்கும் கிடைக்கும். தனக்கென்று ஒரு விசித்திர அளவு வைத்திருக்கும் மெஷினுக்கு ஒரு நாசில் தொலைந்தால் அடாப்டர் தேடி அலைய வேண்டியதுதான்.

நாசில்களில் இரண்டுதான் அவசியம்: தட்டையான நீண்ட சந்து நாசில் ஒன்று, மென்மையான பிரஷ் வைத்த வட்ட நாசில் ஒன்று. '12 உபகரணங்களுடன்' என்பதெல்லாம் பெட்டியை நிரப்பத்தான்.

ஃபில்டர்: செலவு தொடர்வது இங்கே

மெஷின் ஒரு முறைதான் வாங்குகிறோம். ஃபில்டர் திரும்பத் திரும்ப. வாங்குவதற்கு முன்பே அந்த மாடலுக்கு மாற்று ஃபில்டர் கிடைக்கிறதா, என்ன விலை என்று பாருங்கள். மெஷின் மலிவாக இருந்து ஃபில்டர் கிடைக்காமல் போனால், அது ஒரு வருடத்து மெஷின்தான்.

பெரும்பாலும் மூன்று வரும். தண்ணீருக்கு ஸ்பாஞ்சு உறை. காய்ந்த குப்பைக்கு மடிப்பு மடிப்பான கார்ட்ரிட்ஜ். கூடவே தூசைப் பிடித்து வைக்கும் பை. இந்தப் பையைத்தான் பலர் வேண்டாம் என்று தூக்கிப் போடுகிறார்கள். சிமென்ட் தூசையோ ஜிப்சம் பலகைத் தூசையோ பை இல்லாமல் இழுத்துப் பாருங்கள். சில நிமிடத்திலேயே கார்ட்ரிட்ஜின் மடிப்புகளுக்குள் தூசு படிந்து, மடிப்பே தெரியாமல் வழவழவென்று ஒரு வெள்ளை உருளையாகிவிடும். காற்றுக்குப் போக வழியில்லை, இழுப்பு செத்துவிடும். பை போட்டிருந்தால் அது முதலில் வாங்கிக்கொள்ளும், கார்ட்ரிட்ஜ் பிழைக்கும். கொட்டும்போது முகத்தில் தூசும் அடிக்காது.

மிக நுண்ணிய தூசையும் பிடிக்கும் ஃபில்டருக்குச் சொல்லும் 'ஹெப்பா' என்ற வார்த்தையைக் கவனமாகப் படியுங்கள். உண்மையான ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா போல' என்று எழுதியிருந்தால் அது எதற்கும் உத்தரவாதம் இல்லை. காரில் மண் இழுக்க ஹெப்பா தேவையே இல்லை. ஆனால் கான்கிரீட் துளைக்கிறீர்கள் என்றால் அதில் வரும் சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். மெல்லிய மரத்தூளும் நல்லதல்ல. அந்த வேலை அடிக்கடி இருந்தால், தொழில்முறை மெஷின்களில் போட்டிருக்கும் எல் (குறைந்த ஆபத்துள்ள தூசு), எம் (நடுத்தரம்), எச் (அதிக ஆபத்து) என்ற தூசு வகுப்புகளில் 'எம்' உள்ளதைப் பார்ப்பது முறை. எப்போதாவது ஒரு துளை என்றால் நல்ல பையும் முகக்கவசமும் போதும்.

மரவேலை அதிகம் செய்கிறவர்களுக்கு ஒரு மலிவு உபாயம்: மெஷினுக்கும் நாசிலுக்கும் நடுவில் ஒரு மூடி போட்ட வாளி, அதன் மேல் சைக்ளோன் கூம்பு. தூள் சுழன்று வாளியிலேயே விழுந்துவிடும், ஃபில்டர் வரை போவது கொஞ்சம்தான். காருக்கு மட்டும் என்றால் இது வீண் சுமை.

டிரம் அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ, அதைத் தூக்கிக் கொட்டப் போவது நீங்கள்தான். மிதவை முன்பே மூடிவிடுவதால் பெட்டியில் போட்ட கொள்ளளவு முழுவதும் கிடைக்கவும் கிடைக்காது. தண்ணீர் வேலை அதிகம் என்றால் அடியில் வடிகால் திருகு உள்ளதை வாங்குங்கள்.

வாங்கும்போது கையால் பார்க்க வேண்டியவை

மெஷினை ஓடவிட்டு ஹோஸின் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். மோட்டார் சத்தம் உடனே உயர வேண்டும், உள்ளங்கை நன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும். சத்தம் மாறவில்லை, எங்கோ காற்று சீறுகிறது என்றால் மூடியின் ரப்பரிலோ இணைப்பிலோ கசிவு. அதே மூடியை நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். கிளிப்புகள் மெல்லியதாக இருந்தால் முதலில் உடைவது அவைதான். சக்கரம் கதவு நிலையைத் தாண்டி உருளுமா, ஒயர் எத்தனை மீட்டர், நாசில்களை மெஷினிலேயே மாட்டி வைக்க இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அடுத்து.

சத்தமும் ஒரு விஷயம். கராஜ் சுவர்கள் ஒலியைத் திருப்பி அடிக்கும். வேலையிடங்களில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. இந்த மெஷின்களில் பல அதை ஒட்டித்தான் இரைகின்றன. காது அடைப்பான் மிக மலிவு.

பழைய மெஷின் வாங்குவதிலும் தப்பில்லை. ஓடும்போது கருகல் வாடை வந்தாலோ, காற்று இடுக்கு வழியாக மோட்டாரில் நிறையத் தீப்பொறி தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்ததாக மட்டும் இருந்தால் மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. ஃபில்டரை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டென்ஷன் ஒயர் தேவைப்பட்டால் மெல்லியதைப் போடாதீர்கள், சூடாகும். உருளையில் சுற்றிய ஒயர் என்றால் முழுவதையும் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். சுற்றியபடியே இருந்தால் உள்ளே வெப்பம் வெளியேற வழியில்லாமல் உருகும். தண்ணீர் இழுக்கிற அன்று, மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் சுவிட்ச் உள்ள இணைப்பில்தான் செருக வேண்டும்.

முதல் முறை காரைச் சுத்தம் செய்யும்போது

பாட்டில், காகிதம், நாணயம் எல்லாவற்றையும் கையால் எடுத்துவிடுங்கள். மிதியடிகளை வெளியே எடுத்துத் தட்டுங்கள். தட்டினாலே பாதி மண் போய்விடும். அப்புறம் மேலிருந்து கீழே: டேஷ்போர்டும் ஏசி துவாரங்களும் பிரஷ் நாசிலால், பிறகு சீட், கடைசியில் தரை. வரிசையை மாற்றினால் ஒரே தரையை இரண்டு முறை இழுக்க வேண்டும்.

தரைக் கம்பளத்தில் வேகமாகத் தேய்ப்பதால் பயனில்லை. ஒரு கையில் கெட்டியான பிரஷ், மறுகையில் நாசில். பிரஷால் இழைகளைக் கிளறிக்கொண்டே, நாசிலை மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹோஸுக்குள் மணல் சரசரவென்று ஓடும் சத்தம் கேட்கும். அது நின்றால்தான் அடுத்த இடம். நாய், பூனை முடிக்கு ரப்பர் கையுறை போட்டு ஒரே திசையில் வழித்தால் உருண்டு திரளும், அதை இழுத்துவிடலாம்.

சீட்டைப் பின்னால் தள்ளி முன் பக்கம், முன்னால் தள்ளிப் பின் பக்கம் என்று இரண்டு முறை ரெயிலைச் சுத்தம் செய்யுங்கள். சீட்டுக்கு அடியில் ஒயர்கள் ஓடும். மஞ்சள் உறை போட்ட ஒயர் பெரும்பாலும் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. நாசிலால் அதை இடித்து இணைப்பு அசைந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எதை இழுக்கவே கூடாது

பெட்ரோல், தின்னர், அவற்றில் நனைந்த மரத்தூள்: மோட்டாரில் தீப்பொறி உண்டு, ஆவி உள்ளே போனால் பற்றிக்கொள்ளும். கொட்டியது பெட்ரோல் என்றால் மெஷினைப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். கிரைண்டிங் செய்தவுடன் கிடக்கும் சூடான துகள், அணைந்ததுபோல் தெரியும் சாம்பல், சிகரெட் துண்டு எதுவும் கூடாது; டிரம்மில் மரத்தூளும் இருந்தால் உள்ளுக்குள்ளேயே புகையும். பழைய கார்களின் பிரேக் தூசில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதைச் சாதாரண மெஷினால் இழுப்பது காற்றில் பரப்புவதற்குச் சமம். ஊதியும் விடக் கூடாது.

தண்ணீர் இழுத்த அன்று, வேலை முடிந்ததும் டிரம்மைக் கொட்டி, துடைத்து, மூடியைத் திறந்தே வைத்துக் காயவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை ஓட்டும்போது கராஜ் முழுக்கப் புழுங்கல் நாற்றம் அடிக்கும். ஸ்பாஞ்சைக் கழற்றிவிட்டு மறுபடி கார்ட்ரிட்ஜைப் போடும்போது டிரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் தூசு பட்டால் சேறாகி மடிப்பில் ஒட்டிவிடும். கார்ட்ரிட்ஜைக் குப்பைத் தொட்டிக்குள் வைத்து மெதுவாகத் தட்டினாலே போதும். 'கழுவலாம்' என்று எழுதியிருந்தால் மட்டும் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் போடுங்கள். அந்த ஒரு நாள் மெஷின் சும்மா நிற்கக் கூடாது என்றால், மெஷினோடு சேர்த்து இரண்டாவது கார்ட்ரிட்ஜ் ஒன்றையும் வாங்கிவிடுவது நல்லது.